முப்பத்தொன்றாவது வேலை

அது 2006-ஆம் ஆண்டு, மாசி மாதம், ஒரு புதன்கிழமை. தேதியையும் குறித்துத்தான் வைத்திருந்தேன். நோட்டின் மேல்மூலையைக் கரையான் தின்றுவிட்டதால் கிழமை மட்டும் மிஞ்சியிருக்கிறது. என்னோடு எட்டாம் வகுப்பு படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் "அது வியாழக்கிழமை" என்று சண்டைக்கு வந்துவிட வேண்டாம். கம்ப்யூட்டர் டீச்சர் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வருவார். அவர் இல்லாத நாளில் அது நடந்தது. நடந்ததை ஒரு நாள் முழுக்க அடக்கி வைத்திருந்து, வெள்ளிக்கிழமை காலையில் பஸ் நிறுத்தத்துக்கே ஓடிப்போய் அவரிடம் கொட்டினோம். அந்த ஒரு நாள் அடக்கம் எனக்கு மறக்காது. ஆகவே புதன்.

நமக்கெல்லாம் காதோரம் வெள்ளை தெரியத் தொடங்கிவிட்டது. அன்று நாம் வாய்பிளந்து பார்த்ததை இன்று நம் பிள்ளைகள் சாப்பிடும்போது ஒரு விரலால் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை. நான் எழுதவந்தது என் பெரியப்பா மகளைப் பற்றி. அவள் அந்த வருடம் எட்டாம் வகுப்பை முடிப்பாளா மாட்டாளா என்பதுதான் எங்கள் இரண்டு வீட்டிலும் அப்போது இருந்த ஒரே கேள்வி.

ஊர், கீரப்பாளையத்திலிருந்து வயல்வழியே சைக்கிளில் அரை மணி நேரம். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். முந்தைய ஆண்டு ஆடியில், ஏதோ ஒரு திட்டத்தில் மூன்று கம்ப்யூட்டர்கள் மாட்டுவண்டியில் வந்து இறங்கின. வேன் வரப்புப் பாதைக்கு மேல் வர மறுத்துவிட்டது. சத்துணவு அரிசி வைத்திருந்த அறையைக் காலிசெய்து, வெள்ளையடித்து, ஜன்னலுக்கு நீலத் திரைச்சீலை போட்டார்கள். பள்ளியிலேயே முதன்முதலாக அந்த அறைக்குத்தான் மின்விசிறி வந்தது. உள்ளே போனால் மூன்று வாசனைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்கும். முதலில் புது பிளாஸ்டிக், அடுத்து சுண்ணாம்பு, கடைசியில் எத்தனை முறை கழுவியும் போகாத புழுங்கலரிசி. இன்றும் ஏதாவது புதுப் பொருளின் அட்டைப்பெட்டியைப் பிரித்தால் எனக்கு அரிசி வாசனை வருகிறது.

பெட்டிக்குள் இருந்த தெர்மாகோலை ஆளுக்கு ஒரு துண்டாகப் பிரித்துக்கொண்டோம். என்னுடையது இங்கிலீஷ் எல் எழுத்து மாதிரி இருந்தது. மழைக்காலம் வரை தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன்.

கம்ப்யூட்டர் டீச்சர் கடலூர் செம்மண்டலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. தோள்பையில் எப்போதும் பிளாப்பி டிஸ்க் பத்து இருக்கும். எல்லாப் பிள்ளைகளும் எல்லாவற்றையும் கற்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் நாங்கள் முப்பத்தொரு பேர். மூன்று பெட்டிக்கும் சேர்த்து ஒரே யூ.பி.எஸ். அது ஒரு பெட்டியை மட்டும் தாங்கும், அதுவும் முனகிக்கொண்டே. வாரத்துக்கு இரண்டு பீரியட்.

எங்கள் ஹெட்மாஸ்டர் விவசாயக் குடும்பம். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு நெற்கதிர் செருகியிருக்கும். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"ஆளுக்கு ஒரு வேல பிரிச்சிக் குடுத்துடுங்கம்மா."

"சார், இது நடவு இல்ல சார்."

"எல்லாம் நடவுதாம்மா. ஒருத்தி முழு வயலயும் நட முடியுமா? வரிசையில நின்னு ஆளுக்கொரு பக்கம் புடிச்சா மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்ல?"

"கத்துக்கறது வேற சார்."

"பாக்க வர்றவங்க கத்துக்கிட்டாங்களான்னு எங்கம்மா பாக்கறாங்க? ஓடுதான்னுதான் பாப்பாங்க."

அப்படியே நடந்தது. கம்ப்யூட்டரைப் போட்டு, அதில் தேசியக் கொடி வரைந்து, சேமித்து, அணைப்பது வரை டீச்சர் முப்பத்தொரு வேலைகளாகப் பிரித்தார். யாருக்கு எது என்பதை மதிப்பெண் வரிசையில் ஹெட்மாஸ்டர் கொடுத்தார். முதல் மாணவனுக்குச் சுவரில் இருக்கும் மெயின் சுவிட்ச். கரண்ட் விஷயம், கவனமான பிள்ளை வேண்டும் என்றார். ஐந்தாவது பையனுக்குத் தொடுகிற வேலையே இல்லை. திரையில் நீல நிறப் படம் வரும்வரை எண்ண வேண்டும், அவ்வளவுதான். அறுபதுக்குள் வந்துவிடும். அவனுக்கு "எண்ணி" என்றே பெயர் நிலைத்தது. நான் ஒன்பதாவது. அம்புக்குறியைக் கொண்டுபோய் வரையும் படத்தின் மேல் வைத்து இரண்டு தட்டு. இன்றும் எதையாவது இரண்டு முறை தட்டும்போது என் பங்கு முடிந்தது என்று கை தானாக விலகப் பார்க்கிறது.

கடைசி வேலை பெட்டியை அணைப்பது. அதை அக்காவுக்குக் கொடுத்தார். பெரியப்பா மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். ஆறாம் வகுப்பில் ஒருமுறை தவறியதால் என் வகுப்பிலேயே இருந்தாள். "கடைசி வேலதான, கெட்டாலும் தோஷம் இல்ல" என்று ஹெட்மாஸ்டர் அவளுக்கு எதிரிலேயே சொன்னார். அவள் தலையைக் குனிந்து கால்விரலால் தரையைக் கீறிக்கொண்டு நின்றாள். நாங்கள் சிரித்தோம். நானும்தான்.

அறை சிறியது. தன் வேலையை முடித்தவன் வெளியே போய்விட வேண்டும். முடிக்காதவர்கள் சுவரோரம் வரிசையாக நிற்க வேண்டும். சுவிட்ச் போட்ட முதல் மாணவன் உடனே மைதானத்துக்கு ஓடிவிடுவான். பிறகு திரையில் என்ன நடந்தது என்று அவன் மாசி வரை பார்த்ததே இல்லை. முப்பத்தொன்றாவதாக நின்றவள் ஒவ்வொரு வாரமும் எல்லாவற்றையும் பார்த்தாள். இந்தக் கணக்கு எங்கள் யாருக்கும் அப்போது உறைக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் தெரியும். சாயங்காலம் வாய்க்காலில் பாத்திரம் தேய்க்கும்போது, சாம்பல் உருண்டையை மவுஸ் மாதிரி கல்லின் மேல் நகர்த்திக்கொண்டே ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை அவள் சொல்லிக்கொண்டு போவாள். நடுவில் யார் எங்கே தடுமாறுவார்கள் என்பதையும் சேர்த்துச் செய்துகாட்டுவாள். எண்ணி நாற்பதுக்கு மேல் எண்ணத் திணறுவதை அவள் நடித்தால் எனக்குக் கையிலிருக்கும் குண்டான் நழுவிவிடும்.

தை பிறந்ததும் பெரியப்பாவும் பெரியம்மாவும் கரும்பு வெட்டப் போனார்கள். வருடா வருடம் போவதுதான். சேத்தியாத்தோப்புப் பக்கம், வெட்டு முடியும்வரை வயலோரத்திலேயே கரும்புத் தோகையால் குடிசை போட்டுத் தங்குவார்கள். மற்ற வருடங்களில் அக்காவை எங்கள் வீட்டில் விட்டுப் போவார்கள். அந்த வருடம் அவளுக்கு இரண்டு வயதில் ஒரு தம்பி இருந்தான். வெட்டுகிற இடத்தில் அரிவாளுக்கு நடுவே அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

"புள்ளயையும் இங்கயே வுட்டுட்டுப் போறனே" என்று பெரியம்மா கேட்டுப் பார்த்தார்.

"அவள மட்டும்னா நான் ஏன் வேணாங்கறேன்? கைப்புள்ளைய யாருக்கா பாக்கறது? நான் களையெடுக்கப் போவாம வூட்ல குந்தினா எங்க வூட்ல உல கொதிக்குமா?" என்றாள் என் அம்மா.

பெரியம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஹெட்மாஸ்டரிடமும் போனார். தம்பியை அக்கா பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிவரலாமா என்று கேட்டார்.

"இது பள்ளிக்கூடம்மா, பால்வாடி இல்ல" என்றார் அவர். "மாசிக் கடைசிக்குள்ள வரலன்னா ரிஜிஸ்டர்ல பேர அடிச்சிடுவேன். பரிச்ச எழுத முடியாது. நான் ஒண்ணும் பண்ண முடியாது, ரூல் அப்படி."

அக்கா போய்விட்டாள். ஒருமுறை தவறியவள், இந்த முறையும் விட்டால் பிறகு அவளை எந்தப் பள்ளிக்கும் அனுப்பப் போவதில்லை என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அதில் கோபம் ஒன்றும் இல்லை. மழை வரும் என்பதைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். மேஸ்திரி மாமாவின் செல்போன் எண்ணை என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அக்காவே தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். வெட்டு ஆட்களைக் கூட்டிப் போகிற மேஸ்திரியிடம் மட்டும்தான் போன் இருந்தது.

இனி புதன்கிழமை. காலை பத்தரைக்கு மேல் ஒரு ஜீப் வந்து நின்றது. கடலூரிலிருந்து ஒரு அதிகாரி. ஒல்லியான மனிதர், கையில் குடை, ஓயாத இருமல்.

"டீச்சர் எங்க?"

"அவுங்க செவ்வா வெள்ளிதான் சார்…"

"இருக்கட்டும். நான் டீச்சரப் பாக்க வரல. பசங்க செய்யட்டும்."

வரிசையில் நின்றோம். கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதால் முப்பது பேரின் ஈரக்காலும் தரையில் தடம் பதித்தது. சுவிட்ச் விழுந்தது. எண்ணி ஐம்பத்திரண்டில் நிறுத்தினான். நான் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வெளியே போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பதினான்காவது பெண் காவி நிறத்தை ஊற்றியதும் கரண்ட் போனது. யூ.பி.எஸ். ஒருமுறை கூவிவிட்டு அடங்கியது.

பத்து நிமிடத்தில் கரண்ட் வந்தது. ஆனால் எங்கள் வரிசைக்கு அப்படி ஒரு பழக்கமே இல்லை. பதினைந்தாவது பையன் பச்சை நிறத்தை ஊற்றத் தயாராக இருண்ட திரைக்கு எதிரே நின்றான். சுவிட்ச்காரனை மைதானத்திலிருந்து பிடித்துவந்தார்கள். மறுபடி முதல் வேலையிலிருந்து தொடங்கினார்கள். நீல நிறப் படம் வரவேண்டிய இடத்தில் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்துகளும் வந்தன. எண்ணி அறுபதைத் தாண்டி, நூறைத் தாண்டி, அழுகிற குரலில் எண்ணிக்கொண்டே போனான்.

ஹெட்மாஸ்டர் தன் செல்போனில் டீச்சரைக் கூப்பிட்டார். கிடைக்கவில்லை. இரண்டாம் முறையும் கிடைக்கவில்லை. அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"சார்," என்றேன் ஜன்னலிலிருந்து. "அக்காவக் கேக்கலாம் சார். அவளுக்கு எல்லார் வேலயும் தெரியும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அடி விழும் என்றுதான் நினைத்தேன். "நம்பர் இருக்கா?" என்றார். நோட்டைப் பார்த்து அவரே எண்ணை அழுத்தி, மணி அடித்ததும் போனை என் கையில் கொடுத்துவிட்டார். அவர் பேசுவதற்குக் கூச்சப்பட்டிருக்க வேண்டும்.

"யாருப்பா அது, வெட்டு நேரத்துல?" என்றார் மேஸ்திரி மாமா. பின்னால் சரக் சரக் என்று அரிவாள் சத்தம். அக்காவைக் கூப்பிட ஆள் ஓடியது. பிறகு அவள் குரல், தம்பியின் அழுகைக்கு நடுவே.

"இன்னாடி? யாருக்கு இன்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. ஆபீசர் வந்துகீறாரு. கரண்ட் பூட்ச்சி. இப்போ கறுப்பா வருதுக்கா."

"வெள்ள எழுத்தா? கீழ நம்பர் ஓடுதா?"

"ஓடுது."

"தொடாதீங்கடி! யாரும் கைய வைக்காதீங்க. கரண்ட் பூட்டு வந்தா அது தன்னத்தானே சோதிச்சிப் பாத்துட்டு முடிச்சிக்கும். ஐப்பசியில ஒருதரம் டீச்சர் அப்படித்தான் வுட்டாங்க. நீங்கல்லாம் அப்ப வெளிய ஓடிட்டீங்க."

நான் அறைக்குள் திரும்பிச் சொன்னேன். "யாரும் தொடக்கூடாதாம் சார். காத்திருக்கணுமாம்."

"யாரு சொல்றா?" என்றார் அதிகாரி.

"எங்க அக்கா சார். கரும்பு வெட்ற எடத்துலருந்து."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காத்திருந்தார். நீல நிறப் படம் வந்தது. அதற்குப் பிறகு நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு அவள் சொல்வதை உரக்கச் சொன்னேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து செய்தார்கள். பதினேழாவது பையன் வந்தபோது, "அவன் சக்கரத்த வட்டமாப் போடமாட்டான், முட்ட மாதிரி போடுவான், ஷிப்ட்ட அமுக்கிக்கச் சொல்லு" என்றாள். அவன் அப்போதுதான் முட்டை போட ஆரம்பித்திருந்தான். அதிகாரி இருமலோடு சிரித்தார். "அந்தப் பொண்ணுக்கு இங்க தெரியுதா இன்னா?" என்று போனை உற்றுப் பார்த்தார்.

முப்பது வேலைகள் முடிந்தன. கொடி சேமிக்கப்பட்டது.

"இப்ப அணைக்கணும்க்கா. உன் வேல."

பின்னால் தம்பி மறுபடி அழத் தொடங்கினான்.

"நீயே செய்யி. சொல்றேன்," என்றாள்.

பெட்டி அணைந்ததும் ஹெட்மாஸ்டர் எங்கள் எல்லோரையும் வெளியே போய் மரத்தடியில் வரிசையாக நிற்கச் சொன்னார். நான் போனை மேசைமேல் வைத்துவிட்டு ஓடினேன். உள்ளே அவரும் அதிகாரியும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஜீப் போய்விட்டது.

அன்று சாயங்காலமே ஹெட்மாஸ்டர் தன் மொபெட்டில் சேத்தியாத்தோப்புக்குப் போனார். மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் அக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்றாள், இடுப்பில் தம்பியோடு. ஹெட்மாஸ்டர் சொன்ன செய்தி அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. அதிகாரி பங்குனியில் திரும்ப வருவாராம். அந்தப் பெண் அறையில் இல்லை என்றால் மூன்று பெட்டியையும் வேறு பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போய்விடுவாராம். பெரியப்பாவிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறார். ஊர்ப் பொருள் ஒன்று தன் மகளால் போனது என்ற பேச்சு வருமே என்று பெரியப்பா அவளை அனுப்பிவிட்டார். என் அம்மா முணுமுணுத்துக்கொண்டே இரண்டு பேருக்கும் சோறு போட்டாள். "மூணு பொட்டியும் பூடுமாம்ல. அப்புறம் எம்மேல சொல்லுவாங்க."

பகலில் தம்பி எங்கே இருப்பான்? கம்ப்யூட்டர் அறையில்தான், மின்விசிறிக்கு அடியில், கோணிப்பையின் மேல். கால் கழுவாமல் யாரும் மிதிக்கக்கூடாத அறை அது. மூன்றாம் நாள் அவன் அங்கேயே ஒன்றுக்குப் போய்விட்டான். ஹெட்மாஸ்டர் வாசலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு நீலத் திரைச்சீலையின் ஓரத்தாலேயே குனிந்து துடைத்தார். டீச்சர் வெள்ளிக்கிழமைகளில் அவனுக்கு பிஸ்கட் கொண்டுவந்தார். அந்த வாரத்திலிருந்து வேலை முடித்த பிள்ளைகளை வெளியே அனுப்புவதையும் நிறுத்திவிட்டார். "எல்லாரும் கடைசி வரைக்கும் நில்லுங்க" என்றார். ஹெட்மாஸ்டர் மறுக்கவில்லை.

பங்குனியில் அதிகாரி வரவில்லை. தினமும் காலை வழிபாட்டில் ஹெட்மாஸ்டர், "இன்னிக்கி வந்தாலும் வரலாம்" என்பார். ரோட்டில் டிராக்டர் சத்தம் கேட்டாலும் நாங்கள் அக்காவைத் திரும்பிப் பார்ப்போம். சித்திரையில் பரீட்சை வந்தது. அக்கா எழுதினாள், பாஸ் செய்தாள். அதன்பின் கீரப்பாளையத்துக்கும், பிறகு சிதம்பரத்துக்கும் படிக்கப் போனாள். தம்பி இப்போது வேன் ஓட்டுகிறான். அந்த மூன்று பெட்டிகளும் இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. பல்லி உள்ளே போய் ஒன்று எரிந்தது, மற்றவை தூசியால் போயின.

பல வருடம் கழித்து மாற்றுச் சான்றிதழின் நகல் வாங்க அந்தப் பள்ளிக்குப் போனேன். எழுத்தர் பழைய பதிவேடுகளைத் தூசி தட்டிக்கொண்டிருந்தபோது, பார்வையிட வந்தவர்கள் எழுதும் நோட்டை நானாகவே எடுத்துப் புரட்டினேன். தேதி கிடைக்குமா என்பதுதான் என் ஆசை. தேதி எழுதும் இடத்தில் அதிகாரியின் பேனா கசிந்திருந்தது. கீழே இரண்டே வரி: பிள்ளைகள் கணினியை இயக்குகிறார்கள். திருப்தி. மறுபடி வருவதாக ஒரு சொல் இல்லை. அக்காவைப் பற்றியும் இல்லை. பெட்டிகளை எடுத்துப் போவதாகவும் இல்லை.

பள்ளி வாசலிலிருந்தே அக்காவைப் போனில் கூப்பிட்டேன். அவள் இப்போது சிதம்பரத்தில் ஒரு இ-சேவை மையத்தில் இருக்கிறாள். பின்னால் பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஹெட்மாஸ்டர் பொய் சொல்லித்தான் உன்னக் கூட்டியாந்திருக்காருக்கா," என்றேன்.

"தெரியுமே."

"எப்படித் தெரியும்?"

"நீ போன கட் பண்ணத் தெரியாம மேசமேல வச்சிட்டுப் போயிட்டியே. மேஸ்திரி மாமா புடுங்கற வரைக்கும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். ஆபீசர் இந்த மாசத்தோட ரிட்டயர்டுன்னாரு. இனிமே இந்தப் பக்கம் நான் எங்க வரப்போறேன்னாரு. அப்புறம், யாரு சார் அந்தப் பொண்ணுன்னு கேட்டாரு."

"அதுக்கு நம்ம சார் இன்னா சொன்னாரு?"

பிரிண்டர் நின்றது. யாரோ அவளிடம் ஆதார் நகல் கேட்டார்கள். "தோ, குடுத்துட்டேன்ணா" என்று அவரை அனுப்பிவிட்டு வந்தாள்.

"மொதல்ல என் பேரச் சொன்னாருடி. அப்புறம் சொன்னாரு. 'புத்தி மட்டுன்னு நெனச்சிக் கடைசியில நிக்க வச்சேன் சார்'னு. 'இன்னிக்கே போயி அவளக் கூட்டியாந்துர்றேன்'னும் சொன்னாரு. சாயங்காலம் குடிசைக்கு வந்து அப்பாகிட்ட அந்தப் பொய்ய அவரு சொல்லச் சொல்ல, நானும் ஆமா ஆமான்னு தலய ஆட்டிக்கிட்டு நின்னேன். அவரு வண்டிய நிறுத்தறதுக்கு முன்னாடியே தம்பி சட்டையெல்லாம் மடிச்சிப் பையில போட்டுட்டேன்."